இசையும் மருத்துவமும்: காலமறிந்து கற்றல்

ஓர் உள்ளத்தில் இரு துறைகள் குடிகொள்ளுதல் உண்டு. அவற்றுள் எதனை முன் பயில்வது, எதனைப் பின் பயில்வது என்னும் வினா எழும்போதுதான் மாணாக்கர் இல்லங்களில் அமைதி குலைகின்றது.

தாம்பரத்தைச் சார்ந்த தந்தையார் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் எம் துறைக்கு வந்திருந்தார். மேனிலை முதலாண்டில் பயின்றுவந்த அவர்தம் மகள் எட்டாண்டுகளாக வீணை கற்பவள். மருத்துவராக வேண்டும் என்னும் விழைவும் உடையவள். “அமெரிக்காவில் என் அண்ணன் மகள் இசையில் பட்டம் படித்துக்கொண்டே மருத்துவத்துக்கும் தயாராகிறாள். இங்கே அது முடியுமா, ஐயா?” என்று வினவினார். வீணையை உறையிலிட்டு வைத்துவிடச் சொல்ல நாவெடுத்தேன். அருகில் நின்ற அப்பெண்ணின் முகம் கண்டு அடங்கினேன். அன்று நான் கூறத் தவறிய விடையை ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

இருவேறு முறைகள்

அமெரிக்க நாட்டில் மருத்துவம் என்பது ஒரு பட்டம் பெற்ற பின்னர்த் தொடங்கும் படிப்பாகும். முதற்பட்டம் இசையாகவும் இருக்கலாம், இலக்கியமாகவும் இருக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகிய பாடங்களை ஆய்வகப் பயிற்சியுடன் இடையே முடித்து, தகுதித்தேர்வும் எழுதியிருந்தால் போதுமானது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். ஆதலின், அங்குள்ள இசை மாணாக்கர் எந்தப் பருவத்தில் எந்த அறிவியல் பாடத்தை முடிப்பது என்று முதலாண்டிலேயே திட்டமிடுகின்றனர்.

நம் நாட்டிலோ மருத்துவத்தின் வாயில் பதினேழு அகவையிலேயே திறக்கின்றது. மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றிருத்தலும் நீட் தேர்வில் தகுதி பெறுதலும் இன்றியமையாதன. இசைப் பட்டப்படிப்பினிடையே அறிவியல் பாடங்களைச் சேர்த்துப் பயின்று மருத்துவத்துக்குத் தகுதி பெறும் வழி இங்குப் பழக்கத்தில் இல்லை. ஆயினும், பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அத்தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022-இல் நீக்கப்பட்டது. எனவே மேனிலையில் அறிவியல் பயின்ற ஒருவர், இசையில் பட்டம் பெற்ற பின்னரும் அத்தேர்வை எழுதலாம். பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவைத் தேர்கிறோம் என்பதே முதன்மையான முடிவு என்பது இதனாற் பெறப்படும். அறிவியற் பிரிவை விட்டவர்க்கு மருத்துவ வழி அரிதாகின்றது. இசையைச் சிறிது காலம் குறைத்தவர்க்கு இசை வழி அடைபடுவதில்லை.

முன்னோர் கண்ட நெறி

இவ்விரு துறைகளும் ஒருவரிடத்தே பொருந்தியமைக்குச் சான்றுகள் பல. மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா தம் பெருநூலாகிய ‘அஷ்ஷிபா’வில் இசையியலுக்கும் ஒரு பகுதி வகுத்தார், நாடித்துடிப்பில் இசைத்தன்மை உண்டென்பதை மருத்துவ நூலிலேயே விளக்கினார். ஆர்கன் இசையில் வல்லவரான ஆல்பர்ட் சுவைட்சர் 1905-இல், தம் முப்பதாம் அகவையில் மருத்துவம் பயிலத் தொடங்கினார்; இசை நிகழ்ச்சிகளால் ஈட்டிய பொருளையும் துணையாகக் கொண்டு 1913-இல் ஆப்பிரிக்காவின் லாம்பரீனில் மருத்துவமனை கண்டார்.

நம் தமிழகத்தில் ஆபிரகாம் பண்டிதரின் வாழ்வு பெரிதும் நோக்கத்தக்கது. 1859-இல் சாம்பவர் வடகரையில் பிறந்த அவர், முதலில் ஆசிரியராகவும் பின்னர்த் தஞ்சையில் சித்த மருத்துவராகவும் விளங்கினார். மருந்தால் ஈட்டிய பொருளை இசைக்கு வழங்கினார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, தஞ்சையில் இசை மாநாடுகளைத் தம் செலவில் நடத்தினார். 1916-இல் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டில் சுருதி பற்றிய தம் கருத்தை எடுத்துரைத்தபோது, அவர்தம் மகளிர் அதனை வீணையில் இசைத்துக் காட்டினர். ‘கருணாமிர்த சாகரம்’ 1917-இல் வெளிவந்த காலை அவர் அகவை அறுபதை நெருங்கியிருந்தது. மருத்துவம் அவரது இசையைத் தடுக்கவில்லை. தாங்கி நின்றது எனலாம். அண்மைக் காலத்தில் சீர்காழி சிவசிதம்பரம் மருத்துவப் பேராசிரியராகவும் மேடைப் பாடகராகவும் விளங்கியமை யாவரும் அறிந்ததே.

இவர்கள் இரண்டையும் ஒரே நாளில், ஒரே அளவில் சுமக்க முயன்றிலர். ஒன்று முன்னிற்க மற்றொன்று பின்னின்றது. பின்னின்றது அறவே கைவிடப்படவில்லை. இதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நாட்காட்டியின் நெருக்கடி

வள்ளுவர் காலமறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நம் மாணாக்கர்க்கு அது மிகவும் பொருந்தும். சென்னையின் இசை விழாக்கள் மார்கழியில் பெருகுகின்றன. அரையாண்டுத் தேர்வும் அப்பொழுதே வருகின்றது. நீட் விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமைகின்றது, பொதுத்தேர்வு மார்ச்சில். 2023, 2024, 2025 ஆகிய மூவாண்டுகளிலும் நீட் தேர்வு மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெற்றது. ஆக, திசம்பர் தொடங்கி மே முடிய உள்ள ஆறு திங்களே உண்மையான நெருக்கடி. மேனிலை இரண்டாம் ஆண்டில் இந்த ஆறு திங்களுக்கு மேடை நிகழ்ச்சிகளையும் இசைத் தேர்வுகளையும் ஒத்திவைத்து, நாள்தோறும் அரைமணி நேரச் சாதகத்தை மட்டும் காத்துக்கொள்வது நன்று. விரலும் குரலும் பழக்கம் விடுபட்டால் மீட்பது கடினம். அரைமணிப் பயிற்சி அப்பழக்கத்தைக் காக்கும்.

ஒரே காலத்தில் இரு பட்டமா?

இரு பட்டப்படிப்புகளை ஒருங்கே பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிவகுத்தது. இரண்டும் நேரடி வகுப்புகளாயின் வகுப்பு நேரங்கள் மோதாதிருத்தல் வேண்டும். ஆயினும் மருத்துவப் படிப்பு தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. பாட வகுப்பில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை வேண்டுவது. செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் காலையும் அடையாற்றங்கரை இசைக் கல்லூரியில் மாலையுமாக மின்தொடர் வண்டியில் திரிந்து இரு பட்டம் பெறலாம் என்று எண்ணுதல் அறிவுடைமையன்று. மருத்துவம் பயிலுங்கால் இசையைக் குருவிடம் தொடர்வதும், பட்டத்தைப் பின்னர்ப் பெறுவதும் இயல்பான வழியாகும்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகின்றது. பண்டிதர் போற்றிய அம்மருத்துவத்தின் பட்டப்படிப்பில் சேர்வதற்கும் இன்று நீட் தகுதி தேவை என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்க.

நிறைவாக

அப்பெண்ணுக்கு முதல் முயற்சியில் மருத்துவ இடம் கிட்டவில்லை. இன்று இசைப் பட்ட வகுப்பில் பயில்கின்றாள். மீண்டும் தேர்வெழுத ஆயத்தமாகின்றாள். மேனிலையில் அறிவியல் பயின்றமையால் அவ்வாயில் அவளுக்கு இன்னும் திறந்தே உள்ளது. அன்று நான் எண்ணியவாறே சொல்லியிருந்தால், மருத்துவ இடமும் கிட்டாமல், எட்டாண்டு வீணையும் கைநழுவி, அவள் வெறுங்கையளாய் நின்றிருப்பாள்.

பெற்றோரே, பிள்ளைகளிடம் இரண்டில் ஒன்றை விடச் சொல்லுமுன், எது காலத்திற்குக் கட்டுப்பட்டது, எது காத்திருக்க வல்லது என்று ஆராய்ந்து பாருங்கள். மாணாக்கரே, காத்திருக்கும் கலையை மறந்துவிடாமல், நாளும் அரைமணியேனும் அதனோடு இருங்கள்.