குடியிருக்கும் கட்டடத்தில் இடிப்பு: விதிகளுக்கு எட்டாத உள்சுவர்

புது தில்லி: தலைநகரை அடுத்த குருகிராமின் 109-ஆவது செக்டாரில் 2022 பிப்ரவரி 10-ஆம் தேதி, அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறாவது தளத்து வீடொன்றில் புதுப்பிப்புப் பணி நடந்துகொண்டிருந்தது. அப்போது அந்த வீட்டின் தளம் சரிய, கீழ்த்தளங்களும் அடுத்தடுத்து இடிந்தன. இரு பெண்கள் உயிரிழந்தனர். கான்கிரீட்டில் கலந்திருந்த குளோரைடு உப்பால் கம்பிகள் அரிக்கப்பட்டிருந்ததை தில்லி ஐஐடி ஆய்வு பின்னர் கண்டறிந்தது.

வெளிப்பார்வைக்குப் புலப்படாத இத்தகைய பலவீனம், மக்கள் வசிக்கும் கட்டடத்தில் உள்சுவரை இடிப்பதையே ஆபத்தாக்கிவிடுகிறது. சுமை தாங்கும் பகுதிகளைப் பொறியாளர் முன்னதாகக் குறித்தளிப்பது, தளத்துக்கு முட்டுக் கொடுப்பது, இடிபாடுகளை ஓரிடத்தில் குவிக்காமல் அன்றன்றே சிறுசிறு மூட்டைகளாகக் கீழே இறக்குவது ஆகியவை அடிப்படை முறைகளாகும்.

ஆனால், மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு கட்டுமானக் கழிவு விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவை உருவாக்குவோரிடமே முன்கூட்டிய மேலாண்மைத் திட்டத்தைக் கேட்டன. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளும், மறுசுழற்சிக் கடமையை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களுக்கே விதித்தன. ஒரு வீட்டின் உள்சுவர் இவ்வளவுகோல்கள் எதையும் எட்டாது.

கட்டட அனுமதியும் கண்காணிப்பும் மாநிலங்கள், உள்ளாட்சிகளின் கையில் உள்ளன. கழிவின் எடையை மட்டுமன்றி, இடிக்கப்படும் தளத்தின் கீழே எத்தனை குடும்பங்கள் வசிக்கின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியது அவற்றின் கடமை.