'தமிழ்'னு தேடாதீங்க, 'கோரமண்டல்'னு தேடுங்க

இந்த வார எபிசோடில் ஏபிஐ பற்றிப் பேசினோம். வெதர் ஆப் தவிர வேற என்ன செய்யலாம்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு ஐடியா: பழைய உடைகள்.

லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க்கின் மெட், இரண்டுமே தங்கள் சேகரிப்பைத் தேட ஏபிஐ தருகின்றன. கீ கூட வேண்டாம். கோடிங் பிடிக்காதவங்க வெப்சைட்டிலேயே தேடலாம்.

ஆனா எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுறோம் என்பதுதான் விஷயம். 'தமிழ்'னு போட்டா வெண்கலச் சிலைகள் வரும். துணி வேணும்னா 'கோரமண்டல்', 'சின்ட்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் போடுங்க. கோரமண்டல் என்பது ஐரோப்பியர் வாயில் மாறிப்போன நம்ம சோழமண்டலம். சின்ட்ஸ் என்பது சீட்டித் துணி.

அந்தக் கரையில் தமிழரும் தெலுங்கரும் பருத்தியில் கையாலேயே வரைந்து சாயம் ஏற்றினாங்க. படிகாரம் பூசிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். இரும்புக் கரைசல் கறுப்பு தரும். நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடிட்டு அவுரிச் சாயத்தில் முக்குவாங்க. துவைச்சாலும் நிறம் போகாது. ஐரோப்பா மயங்கினது இதில்தான்.

அங்கே இருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதிச்சுப் போனாங்க. பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. அது 1759 வரை நீடித்தது. பிரிட்டன் 1721 சட்டத்தில் உடுத்துவதையே தடுத்தது, 1774-இல்தான் தளர்த்தியது. இப்போ தேடலில் வருஷத்தை 1721 முதல் 1774 வரை குறுக்கிப் பாருங்க. அப்பவும் கவுன்கள் வரும்! சட்டம் ஒன்று சொன்னது, மக்கள் வேறொன்று உடுத்தினாங்க.

ஒவ்வொரு பதிவிலும் இன்னும் இரண்டு விவரங்களைக் கவனிங்க. செய்த இடம்: பல உடைகளில் துணி கோரமண்டல், தையல் இங்கிலாந்து அல்லது நெதர்லாந்து. செய்தவர் பெயர்: அநேகமாகக் காலி. வாங்கி உடுத்தினவங்களின் பெயர் சில நேரம் இருக்கும். வரைந்த கைக்குப் பெயர் இல்லை.

அந்தப் பெயர்களை எந்த ஏபிஐயும் திருப்பித் தராது. ஆனா 'ஐரோப்பிய ஃபேஷன்' என்று வரும் ஒரு கவுனைப் பார்க்கும்போது, அந்தத் துணி எங்கே பிறந்ததுன்னு ஒரு கிளிக் தள்ளிப் பார்க்கலாம். மெட்டின் பக்கங்களில் கருத்து அனுப்ப ஒரு படிவமும் இருக்கு. ஊர்ப் பெயரோ நுட்பமோ தப்பா இருந்தா, தெரிஞ்சவங்க எழுதி அனுப்புங்க.