குருதியிற் புகுந்த பூஞ்சை

பந்தல்குடி போன்ற கரிசற்காட்டு ஊர்களிற் பனையேறுவார் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுதலை நம்மிற் பலர் கண்டிருப்போம். தடவாவிடிற் பதநீர் கள்ளாய்ப் புளித்துவிடும். அங்ஙனம் புளிக்கச் செய்வது கண்ணுக்குப் புலனாகாத ஒருவகைப் பூஞ்சையாம். அவ்வினத்தைச் சார்ந்த காண்டிடா நம் வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. ஆயின், நோயால் நலிந்து ஆஸ்பத்திரியிற் கிடப்பாரது குருதியில் அது புகுமேல் கூற்றமே யாகும்.

2011, 2012ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சியில் 1400 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. முப்பது நாளைக்குள் மாண்டவர் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேர்.

அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தார் 2016இல் இதற்கு வகுத்த ஒழுங்குமுறை, முதலில் எக்கினோகாண்டின் என்னும் வகை மருந்தை ஊசிவழி ஏற்றுக என்கிறது. மலிவான ஃபுளுகோனசோல் இருக்க இஃது எற்றுக்கு என வினவலாம். 2009இல் ஜப்பானியர் ஒருவர் காதினின்று எடுத்து விவரிக்கப்பெற்ற காண்டிடா ஆரிஸ், முற்கூறிய 27 பிரிவுகளுள் 19இல் இருந்தது; ஃபுளுகோனசோலுக்கு அது பெரும்பாலும் அடங்குவதில்லை. பூஞ்சை இன்னதென்றும், எம்மருந்துக்கு அடங்குமென்றும் தெளிந்த பின்னரே மலிவானதற்கு மாறுதல் தகும்.

மருந்து மட்டும் போதாது. பெருநாளத்திற் செலுத்திய குழாயின்மேற் பூஞ்சை படலமாய்ப் படிந்து, மருந்துக்கு எட்டாமல் உறைகின்றது. ஆதலின் கூடுமாயின் அக்குழாயை விரைந்து அகற்றல் வேண்டும். கண்ணின் உட்புறத்தையும் ஆராய்தல் வேண்டும். நோயாளி யாதும் உணராதபோதே பூஞ்சை விழித்திரையிற் குடிபுகுவதுண்டு. உயிர் மீண்டும் பார்வை மீளாதவன் நிலையை எண்ணுக!

இவற்றை மருத்துவர் எவ்வளவு கைக்கொண்டனர் என அளக்க, ஐரோப்பிய மருத்துவப் பூஞ்சையியலார் கூட்டமைப்பினர் 2018இல் மதிப்பெண் முறையொன்று அமைத்தனர். குழாயுடைய நோயாளிக்கு முழுமதிப்பெண் 22, இல்லார்க்கு 19. தேர்வுக்கு அஞ்சும் எம்மனோர்க்கு, மருத்துவரும் தேர்வெழுதுகின்றனர் என்பது சிறிது ஆறுதலே.

மக்கள் பெரிதும் பிழைபட உணர்வது நாட்கணக்கையே. காய்ச்சல் தணிந்ததும், “வீட்டுக்குப் போகலாமா?” என்பர் உறவினர். வெள்ளாமையை விட்டுவந்தவர் அங்ஙனம் கேட்டல் இயல்பே. சிக்கலற்ற நோய்க்கும் மருந்து பதினான்கு நாள் வேண்டும். அப்பதினான்கும் முதல் ஊசி போட்ட நாளினின்று எண்ணப்படுவதல்ல. நாடோறுமோ ஒருநாள் விட்டொருநாளோ குருதியை எடுத்துச் சோதித்து, பூஞ்சை முளையாத முதற்குருதி கிடைத்த நாளே முதல் நாளாகும்.