தராசு பிடித்த கையும் சட்டமன்றமும்

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறீர்கள். அல்லது பாகூரில் நெல் விலை பேசி முடித்துத் திண்ணையில் அமர்ந்திருக்கிறீர்கள். தேர்தல் நெருங்கிவிட்டால் பேச்சு ஒரே கேள்விக்குத்தான் வந்து சேரும். கடைத்தெருவில் பொருள் ஈட்டியவர் சட்டமன்றத்திற்குப் போனால் அங்கும் வாணிபம்தானே நடத்துவார்?

ஐயம் நியாயமானதே. ஆனால், வணிகமே இழிவென்னும் எண்ணத்தில் அது பிறந்திருக்குமாயின் பிழையாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாணிபம் செய்தவர்கள். நபித்துவத்திற்கு முன்பே மக்கத்து மக்கள் அவர்களை 'அல் அமீன்' என்றழைத்தனர். கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களோ துணி வணிகர். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பின்னரும் துணிகளைத் தோளில் சுமந்து சந்தைக்குப் புறப்பட்டார்கள்! வழியில் கண்ட உமர் (ரலி) அவர்கள் தடுத்தபோது, "குடும்பத்திற்கு எங்கிருந்து உணவளிப்பேன்?" என்னும் பொருள்படக் கேட்டார்கள். அதன் பிறகே பைத்துல்மாலிலிருந்து அளவான ஒரு தொகை அவர்களுக்கு வகுக்கப்பட்டது. கடையும் ஆட்சியும் ஒரே கையில் இருத்தலாகாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் காலத்திற்கு வருவோம். புதுவை மாநிலத்தில் 1967ஆம் ஆண்டு, 30 வயது நிரம்பாத ஃபாரூக் மரைக்காயர் முதலமைச்சரானதை நம் பெரியவர்கள் பெருமையோடு சொல்வர். எனினும் வணிகத்திலிருந்து மக்கள் மன்றம் புகுந்தவர் யாரெனில், என் நினைவில் முதலில் எழுபவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களே.

1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பட்டப் படிப்பை முடிக்காமலே 1920இல் கல்லூரியைத் துறந்தார். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, வணிகர் வட்டாரத்தில் மதிப்புப் பெற்றார். அவர் வாழ்ந்த குரோம்பேட்டையும் தோல் பதனிடும் ஆலையால் பெயர் பெற்ற ஊர்தான்!

1946இல் சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்து எதிர்க்கட்சித் தலைவரானார். அரசியல் நிர்ணய சபையிலும் அங்கம் வகித்தார். அங்கே அவர் ஆற்றிய பணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாடு பிளவுண்டு ஓராண்டே கழிந்திருந்தது. முஸ்லிம் லீக் என்றாலே முகம் சுளித்த காலம். வாய்மூடியிருந்தால் வணிகமும் வளர்ந்திருக்கும், வம்பும் இராது. ஆனால் 1948 நவம்பர் 23ஆம் நாள் எழுந்து, எந்தச் சமுதாயமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை முன்மொழிந்தார். சபை அதனை ஏற்கவில்லை. அதனாலென்ன? மறு ஆண்டு ஆட்சிமொழி விவாதத்தில், தொன்மையே அளவுகோலென்றால் தமிழ் முன்னிற்குமென்று எடுத்துரைத்தார். மார்க்கத்திற்காகப் பேசிய நாவே மொழிக்காகவும் பேசிற்று. சிறுபான்மையினரைப் பார்த்து 'நீர் யார்?' என்று கேட்போருக்கு இதைவிட நல்ல மறுமொழியை நான் அறியேன்.

மாநிலங்களவையில் 1952 முதல் 1958 வரை. பின்னர் 1962, 1967, 1971 என மும்முறை மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்கு. தமிழரான அவரை மலபார் மக்கள் தம்மவராகவே ஏற்றனர். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கினார். பதவியால் செல்வம் குவித்தாரென்று மாற்றுக் கட்சியினரும் அவரைக் குறை கூறியதில்லை.

இனி உங்கள் தெருவிற்கு ஒரு வணிகர் வாக்குக் கேட்டு வருவாராயின், அவர் கடையில் எடைக்கல் எப்படி இருந்தது, கடன்பட்ட ஏழையிடம் எவ்வாறு பேசினார் என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் யார்? கொம்யூன் அளவிலான ஊர்களில் இதனை மறைத்தல் இயலாது.

அபூபக்கர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் தம் அருமை மகளார் ஆயிஷா (ரலி) அவர்களை அழைத்து, ஆட்சிக் காலத்தில் தம்மிடம் கூடுதலாகச் சேர்ந்தவற்றை அடுத்த கலீஃபாவிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஓர் ஊழியர், நீரிறைக்கும் ஓர் ஒட்டகம், ஒரு போர்வை. அவை வந்து சேர்ந்தபோது உமர் (ரலி) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். தமக்குப் பின் வருவோர்க்கு அபூபக்கர் எத்துணைக் கடினமான வழியை வைத்துச் சென்றுவிட்டார் என்று வியந்தார்கள்.