தீப்பெட்டி சொல்லும் பல் பாடம்

சிவகாசித் தீப்பெட்டி ஒன்றைக் கையில் எடுங்கள். பக்கவாட்டில் பூசியிருப்பதில் செம்பாஸ்பரஸ் உள்ளது. இதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு?

19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சி முனையில் வெண்பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். அதன் ஆவி பட்ட தொழிலாளர் பலருக்குத் தாடை எலும்பு அழுகியது, பற்கள் விழுந்தன. இந்தியா 1913-இல் சட்டமியற்றி அக்குச்சிகளைத் தடை செய்தது. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதோ 1923-இல்தான்.

எலும்பு போனால் பல் நிற்காது என்பதே அந்நோய் தந்த பாடம். இன்று அதே எலும்பை மெல்லக் கரைப்பது ஈறு நோய். பல்லோரம் படியும் கிருமிப் படலம் இறுகிக் காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. கவனிக்காவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகும், எலும்பு கரையும், பல் ஆடும். பெரும்பாலும் வலி இராது!

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் பல்வரிசை அழகாகக் கம்பி கட்டவோ, உறை போடவோ விரும்புகிறாரா? முதலில் பல் மருத்துவரிடம் காரையை நீக்கி, ஈறு நோயைக் கட்டுப்படுத்த வேண்டும். நோயுள்ள ஈற்றில் கம்பி பல்லை இழுத்தால் எலும்பு மேலும் கரையும். அரித்த சுவருக்கு யாரேனும் வெள்ளையடிப்பார்களா?

பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று அவரிடம் இன்றே கேளுங்கள்.