கட்டி முடித்தால் சரியா? தடையுத்தரவும் நமது சமூகமும்

சில மாதங்களுக்கு முன்னர், மாத்தளை மாவட்டத்தில் எமக்கு அண்மையிலுள்ள ஊரொன்றில் பள்ளிவாசலை ஒட்டிய காணி சம்பந்தமாக ஜமாஅத்தார் இரு பிரிவாகி நீதிமன்றம் சென்றனர். கட்டட வேலையை நிறுத்துமாறு நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அடுத்து வந்த விடுமுறை நாட்களில் இரவிரவாக கொங்கிரீட் போடப்பட்டது. அதைச் செய்தவர்களில் ஒருவர் நான் மதிக்கும் பெரியவர். கேட்டபோது, “கட்டி முடிச்சா பொறகு கோட்டுக்கு என்ன செய்ய ஏலும் சேர்?” என்றார்.

அந்த வார்த்தை எனக்கு பாபரி பள்ளிவாசலை நினைவூட்டியது. டிசம்பர் 6 வந்தால் கண்கலங்கும் நாம், அங்கு நடந்த ஒரு விடயத்தை அதிகம் பேசுவதில்லை.

1991 ஒக்டோபரில் உத்தரப் பிரதேச அரசு பள்ளிவாசலை ஒட்டிய 2.77 ஏக்கர் காணியைச் சுவீகரித்தது. அங்கு நிரந்தரக் கட்டடம் எதுவும் எழுப்பக் கூடாது என அலகாபாத் மேல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. முதலமைச்சர் கல்யாண் சிங் அதனை மதித்து நடப்பதாக அளித்த உறுதிமொழியை, அதே ஆண்டு நவம்பர் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. ஆனால் 1992 ஜூலையில் அதே காணியில் கொங்கிரீட் மேடை எழுந்தது. சாதுக்கள்தான் கட்டினார்கள், தடுக்க முடியவில்லை என்பது அரசின் பதில். அந்த மீறல் உடனடியாகத் தண்டிக்கப்படவில்லை. ஐந்து மாதங்களில் பள்ளிவாசலே தரைமட்டமானது.

மேடை விவகாரத்தில் தீர்ப்பு வந்தது 1994 ஒக்டோபர் 24 அன்று. கல்யாண் சிங் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி. தண்டனை ஒரு நாள் சிறை, 2,000 ரூபா அபராதம். பள்ளிவாசல் உடைக்கப்பட்டது நீதிமன்ற உத்தரவை மீறிய செயல் என 2019 தீர்ப்பும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் காணி கோயிலுக்கே போனது. உடைப்பு தொடர்பான அவமதிப்பு மனுக்கள் 2022இல், காலம் கடந்துவிட்டதெனக் கூறி முடித்துவைக்கப்பட்டன. “முடித்துவிட்டால் யார் என்ன செய்வது” என்ற எண்ணம்தான் அங்கே வென்றது.

நமது நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 663ஆம் பிரிவின்படி, தடையுத்தரவை மீறுபவரை நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டிக்கலாம். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அவமதிப்பு பற்றியே தனியாக இயற்றப்பட்டது. உத்தரவை அறிந்திருந்தும் வேண்டுமென்றே மீறினார் என்பது நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். மீறிக் கட்டியதை அகற்றி முன்னைய நிலைக்குக் கொண்டுவருமாறு நீதிமன்றம் பணிக்கவும் இடமுண்டு.

வழக்கு எதிர்த்தரப்பினருடன்தானே என்று பலர் நினைக்கிறார்கள். உத்தரவு வந்த பின்னர் அதை மீறுவது நீதிமன்றத்துக்கே எதிரான செயல். பிறகு எதிர்த்தரப்புடன் சமாதானமாகிவிட்டால் மட்டும் அது மறைந்துவிடாது.

உத்தரவு பிழை என்று கருதினால்? அதற்கும் வழி இருக்கிறது. அதே கோவையின் 666ஆம் பிரிவின் கீழ், உத்தரவை மாற்றவோ நீக்கவோ கோரி மனுச் செய்யலாம். மறுதரப்பைக் கேட்காமலே அவசரமாகத் தரப்படும் தடைக் கட்டளைக்கு முதலில் 14 நாட்களுக்கு மேல் ஆயுள் இல்லை. அந்த நாட்களில் ஒரு சட்டத்தரணியைச் சந்திப்பதே செய்ய வேண்டியது. நீக்கப்படும் வரை உத்தரவு உத்தரவுதான். அது பிழையா சரியா என்று கட்டுபவர் தீர்மானிக்க முடியாது.

உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு சூரா மாயிதாவின் முதல் வசனம் விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. நீதிமன்றில் கொடுக்கும் வாக்குறுதியும் ஓர் உடன்படிக்கைதான்.

2012 ஏப்ரலில் இதே மாவட்டத்தின் தம்புள்ளையில் ஜும்ஆ நாளன்று பள்ளிவாசலுக்குள் கும்பல் புகுந்ததை நாம் மறக்கவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகமான நமக்கு, நாளை ஒரு கும்பலைத் தடுத்து நிறுத்தப் போவது நீதிமன்றின் ஒரு தாள்தான். அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று நாமே ஊருக்குக் காட்டிவிட்டால், நமக்குத் தேவைப்படும் நாளில் அதை எந்த முகத்தோடு நீட்டுவது?

அந்தப் பெரியவரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரம் சட்டத்தரணியைக் காணப் போனதாகக் கேள்விப்பட்டேன்.