எடப்பாடி வட்டார வீட்டுத்தோட்டமும் விளைபொருள் விற்பனையும்

எடப்பாடி வட்டார வீட்டுத்தோட்ட வேளாண்மை என்பது, சேலம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள எடப்பாடி, கொங்கணாபுரம், பூலாம்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிறு நிலங்களில், குடியிருக்கும் வீட்டை ஒட்டியே கீரை, காய்கறி, பயறு, தானியம் ஆகியவற்றை விளைவித்து, வீட்டுச் சமையலுக்குப் போக மிஞ்சியதை விற்கும் முறையாகும். இம்முறையில் முதலில் நிறைவது அடுக்களை. சந்தை இரண்டாவதாகவே வருகிறது. விலை வீழ்ந்த காலத்திலும் குடும்பத்தின் உணவு தடைப்படாமல் இருப்பதற்கு இந்த வரிசையே காரணமாகும்.

ஒரு எக்டேருக்குக் குறைவான (சுமார் இரண்டரை ஏக்கர்) நிலம் உடையோர் குறு விவசாயிகள் என்றும், ஒன்று முதல் இரண்டு எக்டேர் வரை உடையோர் சிறு விவசாயிகள் என்றும் அரசு வகைப்படுத்துகிறது. இக்கட்டுரையில் கூறப்படும் முறை பெரும்பாலும் இவ்விரு பிரிவினருடையதே.

நிலமும் நீரும்

எடப்பாடி, சேர்வராயன் மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் சரபங்கா ஆற்றின் வழியில் அமைந்துள்ளது. மேற்கே காவிரி ஓடினாலும், வட்டாரத்தின் பெரும்பகுதி ஆற்றுமட்டத்தைவிட உயர்ந்த மேட்டு நிலம். 1925 முதல் 1934 வரை கட்டப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நீர் விடப்படுகிறது. இவ்விரு வாய்க்கால்களாலும் பாசனம் பெறும் பரப்பு சேலம், நாமக்கல், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 45,000 ஏக்கர். வாய்க்கால் எட்டாத இடங்களில் மழையும் கிணறும் ஆழ்துளைக் கிணறுமே நீராதாரம்.

மேட்டூர் அணையின் உபரி நீரை ஏற்றி, சேலம் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளிலுள்ள 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பில் 2020 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அணை நிரம்பி வழியும் ஆண்டுகளில்தான் உபரி நீர் இருக்கும் என்பதால், கோடையில் காய்கறிப் பாத்தியை நம்பியிருக்கும் வீடுகளுக்குக் கிணற்று நீர்மட்டமே முடிவான அளவுகோலாக உள்ளது.

வீட்டின் அமைப்பு

இப்பகுதியில் வீடுகள் ஊருக்குள் மட்டும் நெருங்கி இராமல், அவரவர் நிலத்திலேயே தனித்தனியாகவும் அமைந்திருக்கும். காட்டுவளவு, காட்டுக்கொட்டாய் என முடியும் குக்கிராமப் பெயர்கள் சேலம் மாவட்டத்தில் பல. இங்கு காடு என்பது வனத்தைக் குறிப்பதன்று. மழையை நம்பிய புன்செய் நிலத்தைக் குறிக்கும்.

வீடு, மாட்டுக்கொட்டகை, ஆட்டுப்பட்டி, எருக்குழி, கிணறு ஆகியவை அருகருகே அமைவதால் ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உரமாகிறது. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாய்கிறது. காய்கறித் தோலும் கழுநீரும் மாட்டுக்குச் செல்கின்றன. சாணமும் ஆட்டுப்புழுக்கையும் எருக்குழியில் மக்கிப் பாத்திக்குத் திரும்புகின்றன. சுரையும் பீர்க்கும் கொட்டகைக் கூரையிலும் வேலியிலும் படர விடப்படுவதால் அவற்றுக்குத் தனி நிலம் தேவைப்படுவதில்லை.

இவ்வட்டாரத்தின் ஆட்டினம் மேச்சேரி செம்மறியாடு. இளம்பழுப்பு நிறமும் கொம்பில்லாத் தலையும் கொண்ட இவ்வினம் இறைச்சிக்கும் தோலின் தரத்துக்கும் பெயர் பெற்றது. இதற்கான ஆராய்ச்சி நிலையம் மேச்சேரி அருகே பொட்டனேரியில் 1978 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

பட்டங்களும் பயிர்களும்

மானாவாரி நிலத்தில் ஆடிப்பட்டம் முதன்மையானது. ஆடி மழையில் கம்பு, சோளம், நிலக்கடலை ஆகியவை விதைக்கப்படுகின்றன. நிலக்கடலைக்கு இடையில் துவரை, தட்டைப்பயறு வரிசைகளும், ஓரங்களில் ஆமணக்கும் இடம்பெறும். மழை குறைந்து ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே இக்கலப்பின் பயன். மழைக்காலத்தின் பிற்பகுதியில் கொள்ளு விதைக்கப்படுகிறது. குறைந்த ஈரத்திலேயே இது விளையும்.

வீட்டுப் பாத்தியில் கால ஒழுங்கு வேறு. தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதைத்த மூன்று, நான்கு வாரங்களில் பறிப்புக்கு வரும். எனவே ஒரே நாளில் முழுப் பாத்தியையும் விதைக்காமல், பத்து நாள் இடைவெளியில் சிறு சிறு பாத்திகளாக விதைப்பது வழக்கம். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் தழைக்கும். வெண்டை சுமார் 45 நாளிலும், பீர்க்கு, புடலை போன்ற கொடிகள் சுமார் இரண்டு மாதத்திலும் காய்க்கத் தொடங்கும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய் தருவதால், பழைய மரமுருங்கையுடன் இதுவும் வீடுகளில் இடம்பிடித்துள்ளது. மணத்தக்காளி கொங்குப் பகுதியில் சுக்குட்டிக்கீரை எனப்படுகிறது. பெரும்பாலும் யாரும் விதைக்காமல் தானாகவே முளைக்கிறது.

அடுக்களை

என்ன விதைப்பது என்பதைச் சமையலே தீர்மானிக்கிறது. கொதிக்கும் நொய்க் கஞ்சியில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிண்டும் களிக்குக் கீரைக் கடைசலோ தட்டைப்பயற்றுக் குழம்போ துணையாகும். கம்பஞ்சோறும் கம்பங்கூழும் கோடைக்கு உரியவை. கொள்ளை வேகவைத்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு; வடித்த நீர் இரசமாகிறது. அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்கும் அரிசிம்பருப்புச் சோறு, வேலை மிகுந்த நாட்களின் உணவு.

ஒரே காலத்தில் மிகுதியாக வரும் விளைச்சலைக் காப்பது அடுக்களையின் மற்றொரு பணி. கொத்தவரை, கத்தரி, சுண்டை ஆகியவை வற்றலாகவும், பச்சை மிளகாய் மோர்மிளகாயாகவும் உலர்த்தப்படுகின்றன. துவரையை நீரில் ஊறவைத்து, செம்மண் குழைத்துப் பூசி, வெயிலில் காயவைத்துச் சேமிப்பது செம்மண் கட்டுதல் எனப்படும். மண்பூச்சு வண்டு விழாமல் தடுக்கிறது. திரிகையில் உடைக்கும்போது தோலும் எளிதில் நீங்குகிறது. மறு பட்டத்துக்கான சுரை, பூசணி விதைகள் சாணத்துடன் பிசைந்து சுவரில் தட்டியோ, சாம்பலில் புரட்டியோ காக்கப்படுகின்றன.

விற்பனை வழிகள்

அன்றாட ரொக்கம் பெரும்பாலும் பாலிலிருந்து வருகிறது. கூட்டுறவுச் சங்கத்திலோ தனியார் கொள்முதல் நிலையத்திலோ காலை, மாலை பால் ஊற்றப்படுகிறது. முட்டையும் நாட்டுக்கோழியும் அக்கம்பக்கத்திலேயே விலைபோகும். ஆடு விற்க வேண்டுமானால் சனிக்கிழமை கூடும் கொங்கணாபுரம் சந்தை உள்ளது. பருத்தி, எள், நிலக்கடலை ஆகியவற்றுக்குக் கொங்கணாபுரத்தில் திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் ஏலம் நடைபெறுகிறது.

காய்கறிக்கும் கீரைக்கும் முதன்மையான நேரடி விற்பனை இடம் உழவர் சந்தை. பஞ்சாபில் 1987 இல் தொடங்கிய அப்னி மண்டி, ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ரைத்து பஜார் ஆகியவற்றைத் தொடர்ந்து, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் தொடங்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் சூரமங்கலம், தாதகாப்பட்டி, ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, ஜலகண்டாபுரம் உள்ளிட்ட இடங்களில் இச்சந்தைகள் உள்ளன.

உழவர் சந்தையில் விற்க, நிலத்தையும் பயிரையும் அலுவலர்கள் சரிபார்த்து வழங்கும் அடையாள அட்டை வேண்டும். கடைக்கு வாடகை இல்லை. எடைக்கருவியும் சந்தையிலேயே தரப்படுகிறது. மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் விலை நிர்ணயிக்கப்பட்டு அன்றன்று பலகையில் எழுதப்படும். இடைத்தரகு இல்லாததால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இலாபம் உண்டு.

விற்பனையில் ஒரு சட்ட வேறுபாடு கவனிக்கத்தக்கது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், விவசாயியின் கையில் இயற்கை நிலையில் இருக்கும் விளைபொருளைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே மிளகாய் மோர்மிளகாயாகவும், மாங்காய் ஊறுகாயாகவும் மாறி விற்பனைக்கு வந்தால் பதிவு தேவை. 2011 ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மிகாத சிறு தயாரிப்பாளர்களுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவு முறையை ஏற்படுத்தின.

கணக்கில் வராத வரவும் உழைப்பும்

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், 2000 கிலோகலோரி உணவில் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியைப் பரிந்துரைக்கிறது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளுக்குச் சுமார் 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. இதில் ஒரு பகுதியையேனும் தோட்டம் தந்தால், அந்த அளவுக்குக் கைக்காசு மிஞ்சுகிறது. ஆயினும் விற்ற பணம் மட்டுமே வருமானம் எனக் கொள்ளப்படுவதால், வாங்காமல் மிஞ்சிய இத்தொகை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

உழைப்பின் நிலையும் இதுவே. விதை காப்பது, பாத்தி களைவது, பால் கறப்பது, வற்றல் போடுவது, விடியுமுன் கீரை கட்டுவது ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. 2019 ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். நிலத்தின் பட்டா கணவர் அல்லது மாமனார் பெயரில் இருப்பின், விளைவிப்பவர் பெண்ணாக இருந்தும் ஆவணத்தில் விவசாயி ஆண் ஆகிறார். உழவர் சந்தை அட்டையில் குடும்பத்தினர் பெயரும் இடம்பெறுவது இதற்கு ஓரளவு வழிசெய்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பதால், கூடையுடன் சந்தைக்குச் செல்லும் பயணச் செலவும் குறைந்துள்ளது.

சிக்கல்கள்

கோடையில் கிணறு வற்றுவது, வரத்து மிகும்போது தக்காளி போன்றவற்றின் விலை பறிப்புக் கூலிக்கும் எட்டாமல் போவது, அடுத்த தலைமுறை விசைத்தறிக்கும் நகர வேலைக்கும் செல்வதால் ஆள் குறைவது ஆகியவை இம்முறையின் முதன்மைச் சிக்கல்களாகும். இவற்றுள் விலை வீழ்ச்சியைத் தாங்கும் வலிமை இம்முறைக்கு இயல்பாகவே உண்டு. விற்காத காயை வற்றலாக்கலாம், மாட்டுக்கும் போடலாம். நீரும் ஆளும் குறைவதற்கு அத்தகைய மாற்று இல்லை. இவை குறையும்போது கிணற்று நீர் விற்பனைப் பயிருக்குத் திருப்பப்பட்டு வீட்டுப் பாத்தி முதலில் கைவிடப்படுகிறது; அதன்பின் அவ்வீடும் காய்கறியை விலைக்கு வாங்கும் வீடாகிறது.